வலி மாத்திரை வேண்டாமுங்க

பதினோரு மணிக்கு டீ வரும். டீயோடு மாத்திரையும் வரும்.

வெள்ளகோவிலுக்கும் காங்கேயத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது திருமலைசாமியின் தேங்காய்க் களம். அங்கே நாலு வருஷமாக இதுதான் வழக்கம். மேஸ்திரி கருப்புசாமி பெரிய தட்டில் டம்ளர்களை வைத்து எடுத்து வருவார். தட்டின் ஓரத்தில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் வலி மாத்திரைகள். "எடுத்துக்குங்க அம்மணி, எடுத்துக்குங்க. பொழுதோட வரைக்கும் தாங்கோணுமில்லீங்க?" என்று கடலைமிட்டாய் நீட்டுகிறவர் மாதிரி நீட்டுவார். யாரையும் அவர் கட்டாயப்படுத்தியதில்லை. கட்டாயப்படுத்த வேண்டி வந்ததும் இல்லை. பதினாலு பெண்களும் ஆளுக்கொன்று எடுத்து டீயோடு விழுங்கிவிட்டு மறுபடி வேலைக்கு உட்காருவார்கள்.

உடைத்த தேங்காய் மூடிகளை ரெண்டு நாள் வெயிலில் போட்டால் உள்ளே இருக்கும் பருப்பு, அதாவது கொப்பரை, ஓட்டை விட்டு லேசாக விலகும். அந்தப் பருப்பைக் கழற்றி எடுப்பதுதான் பெண்களின் வேலை. குத்தவைத்து உட்கார்ந்து, இடது கையில் மூடியைப் பிடித்து, வலது கையில் இருக்கும் வளைந்த கத்தியின் நுனியை ஓட்டுக்கும் பருப்புக்கும் நடுவில் விட்டு, மணிக்கட்டை ஒரு திருகு திருக வேண்டும். பருப்பு கழன்று விழும். முரண்டு பிடிக்கிற மூடிக்கு ரெண்டு திருகு, மூன்று திருகு. ஒரு நாளைக்கு எத்தனை திருகு என்று யாரும் எண்ணியதில்லை. மாலையில் எத்தனை கூடை நிறைந்தது என்று மட்டும்தான் பார்ப்பார்கள்.

முத்தாத்தாள் ஒன்பது வருஷமாக அந்தக் களத்தில் இருந்தாள். வயது நாற்பத்து மூன்று. அவளுடைய வலது கட்டைவிரலின் அடியில் வலி தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதலில் திருகும்போது மட்டும் வலித்தது. பிறகு துணி பிழியும்போதும் கதவுத் தாழ்ப்பாளை இழுக்கும்போதும் வலித்தது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போதுகூட வலிக்க ஆரம்பித்தபோது, கருப்புசாமியின் ஒரு மாத்திரை போதாமல் போனது. மெடிக்கலில் தனியாக ஓர் அட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். மத்தியானம் ஒன்று, பொழுது சாயும்போது ஒன்று. களத்தில் பாதிப் பேர் இடுப்பில் அப்படி ஓர் அட்டை இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. கை வலிக்கிறது என்று சொல்கிறவளுக்கு அடுத்த சீசனில் வேலை இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, மூடிக் குவியலின் பக்கத்திலேயே முத்தாத்தாள் வாந்தி எடுத்தாள். காப்பித்தூள் கரைத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த வெங்கடலட்சுமி அதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டாள். கருப்புசாமி தன்னுடைய பைக்கிலேயே ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "வலி மாத்திரை போடறீங்களா?"

"ஆமாங்க."

"எத்தன?"

"ஒரு நாளைக்கு மூணுங்க. நாயித்துக்கெழம லீவுங்க, அன்னிக்கு ரெண்டு."

"எத்தன வருஷமா?"

முத்தாத்தாள் சொன்னாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். வயிற்றில் புண்ணாகி ரத்தம் கசிகிறது என்றார். இனி அந்த மாத்திரையை ஒன்றுகூடத் தொடக்கூடாது என்றார். நாலு நாள் படுக்கையில் வைத்திருந்து அனுப்பும்போது, "அந்த வேலைய விட்டுருங்கம்மா" என்றும் சொன்னார்.

வீட்டில் அவள் கணவன் நாச்சிமுத்துவும் அதையே சொன்னான். அவன் வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிறவன். அதிகம் பேசாதவன். "உட்டுப்போடு புள்ளே. எம்பட சம்பளத்துல இருக்கறத வெச்சுப் பாத்துக்கலாம்."

"நா எதுக்குங்க உடோணும்?" என்றாள் முத்தாத்தாள். வயிறு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ஆனால் குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. "ஒம்போது வருசங்க. மூடியத் தொட்டாலே எது கழலும், எது மொரண்டு புடிக்கும்னு எனக்குத் தெரியும். கை நோவுதுன்னா கைக்கு வழி பண்ணோணும். என்னையத் தூக்கி வெளிய போட்டா அது வழிங்களா?"

நாச்சிமுத்து தன் தோளைத் தேய்த்துக்கொண்டான். அவனுக்கும் தோள்பட்டையில் வலி இருந்தது. அதை அவன் அவளிடம் சொன்னதில்லை.

டாக்டர் சீட்டு எழுதிக்கொடுத்திருந்தபடி, அடுத்த வாரம் அவள் பிசியோதெரபி அறைக்குப் போனாள். அங்கே யுஸ்ரா என்று ஒரு பெண் இருந்தாள். கோயம்புத்தூர் கோட்டைமேட்டுக்காரி, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தினமும் விடியற்காலையில் பஸ் ஏறி வருகிறவள். முத்தாத்தாளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, "அக்கா, கட்டைவிரல உள்ள வெச்சு மத்த விரலால மூடிக்குங்க. ஆங், அப்பிடித்தான். இப்ப கைய மெதுவா சுண்டுவிரல் பக்கமா கீழ சாய்ங்க" என்றாள்.

முத்தாத்தாள் சாய்த்தாள். அடுத்த நொடி அறை முழுக்கக் கேட்கிற மாதிரி "அய்யோ சாமி!" என்று கத்திவிட்டாள். வெளியே வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இதாங்க்கா வியாதி" என்றாள் யுஸ்ரா. "கட்டைவிரல இழுக்கற தசைநார் ஒரு உறைக்குள்ள ஓடுது. ஒரே மாதிரி திருகித் திருகி அந்த உறை வீங்கிப்போச்சு. மாத்திரை போட்டா வலி தெரியாது. தெரியாததால இன்னும் திருகுவீங்க. வீக்கம் இன்னும் ஏறும்."

முத்தாத்தாள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வருஷமாக ஒருவரும் அவளுக்கு இதைச் சொல்லவில்லை. வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

"வேலைய உடுன்னு நீங்களும் சொல்லப்போறீங்களா கண்ணு?"

யுஸ்ரா கொஞ்சம் யோசித்தாள். "மொதல்ல நீங்க என்ன வேல செய்யறீங்கன்னு நான் பாக்கணுமே. அடுத்த தடவ வரும்போது அந்தக் கத்தியும் நாலு மூடியும் கொண்டு வாங்க."

வெள்ளிக்கிழமை முத்தாத்தாள் ஒரு மஞ்சப் பையில் மூடிகளைப் போட்டுக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரித் தரையில் குத்தவைத்து உட்கார்ந்து, பழைய பழக்கத்தில் ரெண்டு மூடிகளைக் கழற்றிக் காட்டினாள். மூன்றாவதில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யுஸ்ரா தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தாள். கத்தியின் பிடி ரொம்ப ஒல்லி, அதனால்தான் விரல் இறுகுகிறது என்றாள். மூடி தரையோரம் இருப்பதால் மணிக்கட்டு மடங்கியே கிடக்கிறது என்றாள். மடங்கிய மணிக்கட்டைத் திருகுவதுதான் வினை.

"மூடிய ஏதாச்சும் புடிச்சுக்கிட்டா?" என்றாள் முத்தாத்தாள். "நா புடிக்காம?"

"புடிச்சா?"

"அப்பத் திருக வேண்டீதில்ல கண்ணு. கத்திய உள்ள உட்டு, முழுக்கையால கீழ அழுத்துனாப் போதும். கடப்பாரை போட்டு நெம்பற மாதிரி."

யுஸ்ரா சிரித்துவிட்டாள். "அக்கா, இத நான் படிச்ச புஸ்தகத்துல போடல."

கட்டைவிரலையும் மணிக்கட்டையும் அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு பட்டையை அவள் கையில் கட்டி அனுப்பினாள். குறைந்தது மூன்று வாரம் வேலை செய்யக்கூடாது என்றாள். முத்தாத்தாள் தலையை ஆட்டினாள். ஆனால் பத்து நாளுக்கு மேல் அவளால் வீட்டில் இருக்க முடியவில்லை.

அந்தப் பத்து நாளில் நாச்சிமுத்து அவளுக்கு ஒரு பலகை செய்துகொடுத்தான். முழங்கால் உயரத்துக்குக் கால் வைத்த பலகை. நடுவில் தேங்காய் மூடி உட்காருகிற அளவுக்கு வட்டமாக ஒரு குழி. மூடி வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் ட்யூபைக் குழியைச் சுற்றி ஆணி அடித்துவிட்டான். மிச்சம் இருந்த ட்யூபைக் கத்தியின் பிடியில் சுற்றிச் சுற்றிக் கட்டினாள் முத்தாத்தாள். பிடி இப்போது சோளக்கதிர் பருமனுக்கு இருந்தது. வீட்டில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தாள். முதல் மூடி தெறித்துச் சுவரில் அடித்தது. இருபதாவது மூடியில் பக்குவம் பிடிபட்டது.

அவள் பலகையும் முக்காலியுமாகக் களத்துக்குள் நுழைந்தபோது பெண்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"மகாராணி வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்க" என்றாள் வெங்கடலட்சுமி. அந்தக் களத்தில் வேகமான கை அவளுடையதுதான். அவள் ஒரு நாளில் நிரப்புகிற கூடையை வேறு யாராலும் நிரப்ப முடியாது. அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. மாத்திரையும் மற்றவர்களைவிட அதிகம்தான்.

கருப்புசாமி வேகமாக வந்தார். கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். "ஏனுங்க அம்மணி, ஒடம்பு இன்னும் செரியாகலயாட்டம் இருக்குதுங்க. நல்லா ரெஸ்டு எடுத்துப்போட்டு வரலாமில்லீங்க?"

"செரியாயிருச்சுங்க."

"அப்பறம் இதென்னுங்க, முக்காலியெல்லாம்?"

"உக்கார்றதுக்குங்க."

அன்று மாலை அவளுடைய கூடைக் கணக்கு வழக்கமானதில் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. கருப்புசாமி அதைக் குறித்துக்கொண்டார். மறுநாள் காலையில் அவள் வந்தபோது பலகையைக் காணவில்லை.

"எம்பட பலகை எங்கீங்க?"

"பத்தரமா எடுத்து வெச்சிருக்கேனுங்க. நடக்கற எடத்துல கெடந்தா ஆருக்காச்சும் தடுக்கீருமில்லீங்க?"

முத்தாத்தாள் அவரிடம் மேலே கேட்கவில்லை. சாக்கு அறைக்குப் போய், அடுக்குகளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, பலகையை இழுத்து வந்து போட்டு உட்கார்ந்தாள். அடுத்த நாள் அது லாரி ஷெட்டில் இருந்தது. அங்கேயும் போய் எடுத்து வந்தாள். அதற்கடுத்த நாள் பலகையை மாலையில் வீட்டுக்கே தூக்கிப்போய்க் காலையில் தூக்கி வந்தாள். பஸ்ஸில் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டான். அவனோடும் சண்டை போட்டாள்.

ஐந்தாம் நாள் கருப்புசாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே சங்கடப்பட்டார். "மொதலாளி வேண்டாங்கறாருங்க. உங்களப் பாத்து மத்தவங்களும் கேப்பாங்கன்னு சொல்றாருங்க. ரெண்டு மாசம் ஊட்டுல இருந்துபோட்டு வாங்க. நா பாத்துக்கறேனுங்க."

"ரெண்டு மாசங் கழிச்சு வந்தா எம்பட எடத்துல வேற ஆளு இருப்பாங்க."

"அப்பிடியெல்லாம் இல்லீங்க அம்மணி."

"போன வருசம் கை ஒடிஞ்சு போன ராமாத்தாக்காளுக்கும் இதத்தானுங்க சொன்னீங்க."

கருப்புசாமி தரையைப் பார்த்தார். "நாளைக்கு வர வேண்டாமுங்க" என்றார் மெதுவாக. "தப்பா எடுத்துக்காதீங்க."

"வாரேனுங்க" என்றாள் முத்தாத்தாள்.

அவள் விடைபெறுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். மறுநாள் எட்டு மணிக்கு அவள் களத்தில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

கருப்புசாமி ஒரு பெண்ணைக் கையைப் பிடித்து வெளியே இழுக்கிற ஆள் இல்லை. முதலாளிக்குப் போன் போட்டார். முதலாளி காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் இருந்தார், மத்தியானத்துக்குள் வருகிறேன் என்றார். அதுவரைக்கும் என்ன செய்வது என்று தெரியாமல் மேஸ்திரி வழக்கம்போலப் பதினோரு மணிக்கு டீத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். எல்லோருக்கும் நீட்டினார். பழக்க தோஷத்தில் முத்தாத்தாளின் முன்னாலும் கிண்ணத்தை நீட்டிவிட்டார்.

"மாத்திரை வேண்டாமுங்க" என்றாள் அவள். சத்தமாகவே சொன்னாள். "இத்தன வருசம் இதத் தின்னுதானுங்க வவுத்துல ஓட்டை உழுந்துச்சு."

வெங்கடலட்சுமி தன் மாத்திரையை வாயில் போடப்போனவள் நிறுத்தினாள். "அப்ப நாங்கல்லாம் கேனச்சிறுக்கிகளா? உனக்கு மட்டுந்தான் கை இருக்குதா? ஊட்டுல ஆம்பள சம்பாதிக்கறான், நீ பலகை போட்டு உக்காந்துக்குவ. எங்கூட்டுல ஆரு இருக்கறா?"

முத்தாத்தாள் எழுந்து அவளிடம் போனாள். "கைய நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டு சொல்றேன். கட்டைவெரல உள்ள வெச்சு மூடு. அப்பிடியே கையக் கீழ சாய். சுண்டுவெரல் பக்கமா."

வெங்கடலட்சுமி ஒரு வீம்புக்குத்தான் செய்தாள். கை பாதிகூடச் சாயவில்லை. டம்ளர் அவள் மடியில் கவிழ்ந்தது. "ஆத்தா!" என்று அவள் போட்ட கூச்சலில் களத்து வேப்பமரத்தில் இருந்த காக்கைகள் எழும்பின.

முத்தாத்தாள் அடுத்தவளிடம் போனாள். அவளும் கத்தினாள். அதற்கடுத்தவள் முகத்தைச் சுளித்தாள். நாலாவது பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் வேலைக்கு வந்து ஆறு மாதம்தான். மூலையில் இருந்தவர்கள் கூப்பிடாமலே எழுந்து வந்து கையை நீட்டினார்கள். சிலர் கத்திவிட்டுச் சிரித்தார்கள். ஒருத்தி கத்திவிட்டு அழுதாள், அழுகை நிற்கவே இல்லை. பதிமூன்று பேரில் பத்துப் பேர் கத்தினார்கள்.

"நீங்களும் ஒருக்கா செஞ்சு பாருங்க மேஸ்திரி" என்றாள் முத்தாத்தாள்.

"எனக்கெதுக்குங்க?"

"சும்மா செய்யுங்க."

கருப்புசாமி மேஸ்திரியாவதற்கு முன்னால் பதினைந்து வருஷம் தேங்காய் உரித்தவர். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவரால் மறுக்க முடியவில்லை. கட்டைவிரலை மடக்கி மூடினார். சாய்த்தார். கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கையை மெதுவாக வேட்டிக்குள் மறைத்துக்கொண்டார். அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். "போங்க, போய் வேலையப் பாருங்க" என்றார். யாரும் போகவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. இறங்கிய முதலாளி திருமலைசாமி, "என்னுங்க இது, ரோடு வரைக்கும் சத்தம் கேக்குது! பாம்பு கீம்பு வந்துருச்சுங்களா?" என்றார். அறுபதைத் தொட்ட மனிதர். அவருடைய அப்பா பருத்தி விவசாயி. இவர் தேங்காயில் இறங்கி ரெண்டு களமும் ஒரு மில்லும் கட்டியவர். வேலைக்காரர்களைக்கூட ஒருமையில் கூப்பிட மாட்டார்.

கருப்புசாமி வாயைத் திறப்பதற்குள் முத்தாத்தாள் முன்னால் வந்தாள். "பாம்பு இல்லீங்க. அல்லாருத்துக்கும் கை போச்சுங்க. அதத்தான் பாத்துட்டு இருந்தோமுங்க."

"உங்கள ரெஸ்டு எடுக்கச் சொன்னேனேம்மா."

"ரெஸ்டு வேண்டாமுங்க. வேலை வேணுமுங்க. இந்தப் பலகைல மூடிய வெச்சுச் செய்யறேனுங்க. கூடை இப்பக் கொறையுதுங்க, ஒத்துக்கறேன். பழகினா ஏறிருமுங்க."

"தேங்காக் களம்னா இப்பிடித்தானம்மா இருக்கும்." அவர் குரலை உயர்த்தவில்லை. "நாங்க ஆரம்பிச்சப்ப எங்க அம்மா லட்சுமியம்மாளே இதே களத்துல உக்காந்து பருப்பெடுத்தாங்க. பலகை கேக்கல, மாத்திரை கேக்கல. இருவது வருஷம்."

"தெரியுமுங்க" என்றாள் முத்தாத்தாள். "அம்மா கை இப்ப எப்பிடீங்க இருக்குது?"

திருமலைசாமியின் அம்மாவுக்கு மூன்று வருஷமாக நர்ஸ்தான் சோறு ஊட்டுகிறாள் என்பது அந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் தெரியும். விரல்கள் கோணிப்போய், டம்ளரைப் பிடிக்க முடியாது. முத்தாத்தாள் அதைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. ஆனால் கேட்ட கேள்வியைத் திருப்பி எடுத்துக்கொள்ளவும் இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "எங்க வீட்டு விஷயத்தப் பேச வேண்டாம்" என்றார். கருப்புசாமியைப் பார்த்து, "சனிக்கெழம லோடு ஏறணும். வேலை ஆகட்டும்" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கித் திரும்பினார்.

"பலகை இல்லாம நா உக்கார மாட்டேனுங்க." இந்தத் தடவை பேசியது வெங்கடலட்சுமி. டீ கொட்டிய சேலையோடு, வலது கையை இடது கையில் தாங்கிக்கொண்டு நின்றாள். முத்தாத்தாளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கும் ஒண்ணு வேணுமுங்க."

இன்னொருத்தி, "எனக்குமுங்க" என்றாள். வேறு யாரும் பேசவில்லை. ஆனால் ஒருத்தியும் உட்காரவில்லை. மூடிகள் குவியல் குவியலாகக் கிடந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. திருமலைசாமி கார் கதவில் கை வைத்தபடி பதினாலு பேரையும் பார்த்தார். களத்தில் இருக்கும் மூடிகளையும் ஒரு பார்வை பார்த்தார். சனிக்கிழமைக்கு மூன்று நாள்தான் இருந்தது. புது ஆட்களைப் பிடித்துப் பழக்குவதற்கு மூன்று வாரம் வேண்டும். அது அவருக்குத் தெரியும், பெண்களுக்கும் தெரியும்.

"ஒரு வாரம் பாப்பேன்" என்றார் கடைசியில். "லோடு தப்புச்சுன்னா பலகையெல்லாம் அடுப்புக்குப் போயிரும்." கார் போய்விட்டது.

அந்த வாரம் நாச்சிமுத்துவின் தூக்கம் போனதுதான் மிச்சம். தறியிலிருந்து வந்ததும் ரம்பத்தை எடுத்துக்கொள்வான். ஒன்பது பலகை அறுத்தான். கால் வைக்க நேரமில்லாமல் ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி அதன்மேல் போட்டுக்கொள்ளச் சொன்னான். கற்கள் கருப்புசாமி ஏற்பாடு செய்தவை. எங்கிருந்து என்று அவரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. முத்தாத்தாள் ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் உட்கார்ந்து, திருகாதே, அழுத்து என்று தொண்டை வறளக் கத்தினாள். மூடிகள் தெறித்தன. ஒருத்தியின் நெற்றியில் அடித்து வீங்கியது. "உம்பட பலகையும் நீயும்" என்று அவள் முத்தாத்தாளைத் திட்டிவிட்டுப் பழையபடி தரையில் போய் உட்கார்ந்துகொண்டாள். லோடு சனிக்கிழமை மாலை ஏற வேண்டியது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறியது. ஞாயிறு லீவை விட்டுவிட்டுப் பெண்கள் வந்து முடித்துக் கொடுத்தார்கள். திருமலைசாமி வந்து பார்த்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. பலகைகளை அடுப்பில் போடச் சொல்லவும் இல்லை.

சித்திரை பிறப்பதற்குள் கூடைக் கணக்கு ஏறக்குறையப் பழைய அளவுக்கு வந்துவிட்டது. முழுசாக வரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேர் எழுந்து பருப்புக் காயப்போடும் வேலைக்குப் போவதும், காயப்போட்டவர்கள் வந்து உட்காருவதும் என்று தங்களுக்குள்ளேயே முறை வைத்துக்கொண்டார்கள். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. டீத்தட்டில் கிண்ணம் வருவது நின்றுபோனது. மூன்று பெண்கள் இன்னும் மெடிக்கலில் சொந்தமாக வாங்கிப் போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். முத்தாத்தாள் அவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஒருத்தி கேட்டாள், ரெண்டு பேர் கேட்கவில்லை.

வெங்கடலட்சுமியின் கை பலகைக்கெல்லாம் அடங்குகிற நிலையைத் தாண்டியிருந்தது. விரல்கள் மரத்துப்போய்க் கத்தி நழுவத் தொடங்கியது. யுஸ்ரா பார்த்துவிட்டுக் கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தாள். அங்கே மணிக்கட்டில் ஆபரேஷன் செய்தார்கள். ஆறு வாரம் அவள் வரவில்லை. அந்த ஆறு வாரமும் அவள் இடத்தில் யாரையும் உட்கார விடக்கூடாது என்று முத்தாத்தாள் அங்கே தான் சோறு கொண்டுவருகிற போசியையும் தண்ணீர்ப் பாட்டிலையும் வைத்துவிட்டாள். கருப்புசாமி ஒரு புதுப் பெண்ணைக் கூட்டி வந்தபோது, "இந்த எடத்துக்கு ஆளு இருக்குதுங்க, அக்கட்டால உக்கார வெய்யுங்க" என்றாள். வெங்கடலட்சுமி திரும்பி வந்தபோது பழைய வேகம் இல்லை. அதற்காக அவள் ரெண்டு நாள் யாரோடும் பேசாமல் இருந்தாள். மூன்றாவது நாள் முத்தாத்தாளிடம், "பலகைல குழி பெருசா இருக்குது, உங்கூட்டுக்காரரச் சின்னதா அறுக்கச் சொல்லு" என்றாள். அதற்குமேல் அவர்களுக்குள் வேறு பேச்சு நடக்கவில்லை.

முத்தாத்தாளின் கையும் முழுசாகச் சரியாகவில்லை. ஒரு ஊசி போட்டார்கள், அதில் வீக்கம் வடிந்தது. துணி பிழிய முடிந்தது, தாழ்ப்பாள் இழுக்க முடிந்தது. ஆனாலும் சில நாள் காலையில் கட்டைவிரல் மரக்கட்டை மாதிரி இருக்கும். அது அப்படித்தான் வந்து போய்க்கொண்டிருக்கும், நீங்கள் அதைவிடப் பிடிவாதமாக இருங்கள் என்று யுஸ்ரா சொல்லியிருந்தாள்.

ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று களத்தைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலை, முத்தாத்தாளுக்கு விரல் மடங்கவே இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காய்கிற பருப்பைக் கிளறிவிடும் மரப்பலகைக் கோலை இடது கையால் எடுத்தாள்.

"ஏனுங்க அம்மணி, இன்னிக்கு நீங்க பருப்பெடுக்கற ஆளுங்களாச்சே?" என்றார் கருப்புசாமி.

"கை நோவுதுங்க. இன்னிக்குக் கெளர்ற வேலை மட்டுந்தானுங்க."

"அத நாந்தானுங்களே சொல்லோணும்?"

"சொல்லுங்க" என்றாள் முத்தாத்தாள். அவர் சொல்வதற்குள் களத்தின் நடுவுக்குப் போய்விட்டாள்.